நரம்பு மருத்துவத்தின் தந்தை டாக்டர் ஷார்க்கோ

ஹைதராபாத் பஞ்சாகுட்டாவில் உள்ள நிம்ஸ் ஆஸ்பத்திரிக்கோ, நகரின் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கோ இளம்பெண் ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். சில மாதங்களுக்கு முன் அவளுக்கு ஒரு கண் மங்கியது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. இப்போது கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொல்கிறார். குகை போன்ற இயந்திரத்துக்குள் சிறிது நேரம் அசையாமல் படுத்திருக்கிறாள். மூளையின் படம் வந்துவிடுகிறது. படத்தில் அங்கங்கே வெண்மையான திட்டுகள் தெரிகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிறார்.

அந்தத் திட்டுகளுக்கும் அவளுடைய தள்ளாட்டத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு டாக்டர் ழான் மார்த்தென் ஷார்க்கோ. அவர் காலத்தில் ஸ்கேனும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. தாம் சொன்ன நோய் சரிதானா என்று அறிய, நோயாளி இறக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருந்து கற்ற பாடம்தான் இன்று ஸ்கேன் படத்தைப் படிக்க உதவுகிறது.

வண்டி செய்பவர் மகன்

ஷார்க்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளி. அவருக்கு நான்கு பிள்ளைகள். நால்வரையும் மேல்படிப்புப் படிக்க வைக்க அவரிடம் வசதி இல்லை. படிப்பில் முதலாவதாக வருபவனை மட்டும் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாராம். அந்த வாய்ப்பு ஷார்க்கோவுக்குக் கிடைத்தது. ஒரு தம்பி தந்தையின் தொழிலுக்குப் போனான். மற்ற இருவரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்.

சிறுவயது முதலே அவர் அதிகம் பேசமாட்டார். கையில் பென்சில் இருந்தால் எதையாவது வரைந்து கொண்டிருப்பார். ஓவியனாவதா, டாக்டராவதா என்ற எண்ணம் இளமையில் அவருக்கு இருந்ததுண்டு. மருத்துவத்தையே தேர்ந்தெடுத்தார். ஆனால் ஓவியனின் கண் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

ஐயாயிரம் பேர் அடைபட்ட இடம்

பாரிஸில் சால்பெத்ரியேர் என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. முன்பு அது வெடிமருந்துக்கான உப்பைச் சேமித்த கிடங்கு. 17-ஆம் நூற்றாண்டில் அதை ஏழைப் பெண்களின் விடுதியாக மாற்றினார்கள். வயதானவர்கள், முடமானவர்கள், வலிப்புக்காரர்கள், சித்தம் கலங்கியவர்கள் என்று ஏறத்தாழ 5,000 பேர் அங்கே இருந்தார்கள். உள்ளே போனவர்களில் பலர் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள். பெயரெடுக்க விரும்பிய டாக்டர்கள் அங்கே அதிக நாள் தங்குவதில்லை.

ஷார்க்கோ பயிற்சி மாணவராக அங்கே போனபோதே அந்த இடத்தின் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது. 1862-ஆம் ஆண்டு அங்கேயே டாக்டராகத் திரும்பி வந்தார். நண்பர் டாக்டர் வுல்பியானைச் சேர்த்துக் கொண்டு, வார்டு வார்டாக, கட்டில் கட்டிலாக, ஒவ்வொரு பெண்ணையும் சோதித்துக் குறிப்பு எழுதத் தொடங்கினார். அதுவரை அந்தப் பெண்களை இத்தனை பொறுமையாக யாரும் பார்த்ததில்லை.

அவர் சோதிக்கும் முறையே தனி. நோயாளியை எதிரே உட்கார வைத்து வெகுநேரம் பேசாமல் பார்த்துக் கொண்டிருப்பார். கண் எப்படி அசைகிறது, கை எப்போது நடுங்குகிறது, பேச்சு எங்கே தடைப்படுகிறது என்று கவனிப்பார். நோயாளி இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உயிரோடு இருக்கையில் எழுதிய குறிப்பையும் இறந்தபின் கண்டதையும் ஒப்பிடுவார். இதுதான் அவருடைய ஆராய்ச்சி.

நடுக்கத்தில் இரண்டு வகை

அந்த நாட்களில் கை கால் நடுங்கும் நோயாளிகளையெல்லாம் ஒரே கணக்கில் சேர்த்து வந்தார்கள். ஷார்க்கோ அவர்களைப் பிரித்துப் பார்த்தார். சிலருக்குக் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்குகிறது. வேறு சிலருக்குச் சும்மா இருக்கையில் நடுக்கமில்லை. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனால்தான் கை ஆடுகிறது. முதல் வகைக்கு, அதை 1817-லேயே விவரித்திருந்த ஆங்கில டாக்டரின் பெயரால் பார்க்கின்சன் நோய் என்று பெயர் வழங்கச் செய்தவர் ஷார்க்கோதான்.

இந்த வேற்றுமையை மாணவர்களுக்குக் காட்ட அவர் ஒரு வழி செய்தார். நோயாளிப் பெண்களின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை வைத்து மேடையில் உட்கார வைத்தார். கடைசி வரிசை மாணவனுக்கும் இறகின் ஆட்டத்தில் நோயின் வகை தெரிந்தது.

இரண்டாவது வகை நோயாளிகளைப் பற்றி 1868-ல் அவர் விரிவாக எடுத்துரைத்தார். இவர்களுடைய மூளையிலும் தண்டுவடத்திலும் கெட்டியான சாம்பல் நிறத் திட்டுகள் சிதறிக் கிடந்தன. அந்தத் திட்டுகளை அவருக்கு முன்பே சிலர் பார்த்துப் படம் வரைந்திருந்தார்கள். ஆனால் எந்த நோயாளிக்கு அது வரும், உயிரோடு இருக்கையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஷார்க்கோ மூன்று அடையாளங்களைச் சொன்னார்: கருவிழி நில்லாமல் துடிப்பது, ஒரு பொருளை எடுக்கப் போகையில் கை நடுங்குவது, சொற்களை வெட்டி வெட்டி இழுத்துப் பேசுவது.

நோய் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர் மைக்ராஸ்கோப்பில் கண்டார். மின்சாரக் கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பு இழைக்கு மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. திட்டு விழுந்த இடத்தில் இந்த உறை அழிந்திருந்தது. உள்ளே இழை பெரும்பாலும் மிஞ்சியிருந்தது. உறை போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது. கண் நரம்பில் திட்டு விழுந்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் விழுந்தால் கால் தளரும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் இந்த உறையைத் தாக்குகிறது என்பது பின்னால் வந்தவர்கள் கண்டது.

தட்டுகளை உடைத்த வேலைக்காரி

ஷார்க்கோவின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. அவளுக்குக் கை நடுக்கம். தட்டு, கோப்பை எதை எடுத்தாலும் கீழே போட்டு உடைத்துவிடுவாள். வேறு எந்த வீட்டிலும் ஒரு வாரம்கூட வைத்திருக்கமாட்டார்கள். ஷார்க்கோ அவளை நிறுத்தவில்லை. நோய் எப்படி வளர்கிறது என்று நாள்தோறும் கவனித்து வந்தார். வேலை செய்ய முடியாமல் போனபின் சால்பெத்ரியேரில் சேர்த்துக் கொண்டார். அவள் இறந்தபின் சோதித்துப் பார்த்தால், வேறு நரம்பு நோய் என்று அவர் நினைத்திருந்தது தவறு. மூளை முழுவதும் திட்டுகள் இருந்தன.

இது இரக்கமா, ஆராய்ச்சி ஆசையா என்று கேட்டால் இரண்டும் கலந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கத் தெரிந்ததே தவிர, குணமாக்க அவரிடம் ஒன்றுமில்லை. தங்க உப்பு, துத்தநாக உப்பு, வெள்ளி உப்பு, எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின் என்று அந்தக் காலத்து மருந்துகள் கொடுத்துப் பார்க்கப்பட்டன. எதுவும் நோயைத் தடுக்கவில்லை. மருந்தில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

புகழும் பிழையும்

1882-ல் நரம்பு நோய்களுக்கென்று பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தனிப் பேராசிரியர் பதவி உருவாக்கி அவரை அமர்த்தினார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அவர் நோயாளியை முன்னால் வைத்து நடத்திய பாடத்தைக் கேட்க வெளிநாட்டு டாக்டர்களும் வந்தார்கள். வியன்னாவிலிருந்து 1885-ல் வந்து சில மாதங்கள் தங்கிப் படித்த இளைஞர்தான் பின்னால் மனநல ஆய்வில் புகழ்பெற்ற பிராய்ட். வீட்டில் ஷார்க்கோ வேறு மனிதர். நாய்களும் ஒரு செல்லக் குரங்கும் அங்கே சுதந்திரமாகத் திரிந்தன.

அவரிடமும் குறை இருந்தது. ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்ட நோயில் அவர் பல ஆண்டுகள் மூழ்கினார். பெண்களை மேடையில் ஏற்றி வசியத் தூக்கத்தில் ஆழ்த்திக் காட்டினார். டாக்டர் எதிர்பார்த்ததை நோயாளிகள் செய்து காட்டினார்கள் என்பது பிறகு விளங்கியது. அந்தக் கொள்கையைத் திருத்த வேண்டும் என்று கடைசிக் காலத்தில் அவரே தம் உதவியாளரிடம் ஒப்புக் கொண்டதாகத் தெரிகிறது. திருத்த ஆயுள் இல்லை. 1893 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, விடுமுறைப் பயணத்தில், 67-வது வயதில் மூச்சுத் திணறி இறந்தார். அவர் உழைத்த சால்பெத்ரியேரின் தேவாலயத்திலேயே இறுதிச் சடங்கு நடந்தது.

அவருக்குப் பின்

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில் எக்ஸ்ரே வந்தது. அது எலும்பைக் காட்டியது. மூளைத் திட்டைக் காட்டவில்லை. 1971-ல் வந்த சி.டி. ஸ்கேன் சிலவற்றைக் காட்டியது. 1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் பத்து நோயாளிகளை இரண்டு முறையிலும் பார்த்தார்கள். சி.டி. ஸ்கேனில் 19 திட்டுகள் தெரிந்தன. எம்.ஆர்.ஐ. முறையில் அவற்றோடு மேலும் 112 தெரிந்தன. ஷார்க்கோ இறந்தவரிடம் தேடியதை, உயிரோடிருப்பவரிடமே எண்ண முடிந்தது.

மருந்து ஆராய்ச்சிக்கும் இதனால் வேகம் வந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய நோயாளி படுக்கையில் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய திட்டு விழுகிறதா என்று பார்த்தால் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 372 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்த இன்டர்பெரான் மருந்து 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்து 1996-ல் கிளாட்டிராமர் ஊசி வந்தது. அதே கிளாட்டிராமரை ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கி, 2017 அக்டோபரில் அமெரிக்க அனுமதி பெற்றுத் தந்தது. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அது திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று பல இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் பயன் அதிகம்.

இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வெள்ளைக்காரர் நோய் என்றே நெடுங்காலம் இங்கே நினைத்திருந்தார்கள். ஸ்கேன் பரவியபின் நம் நாட்டிலும் அது இருப்பது நன்றாகத் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நிர்ணயித்த அளவு பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் பெற்றவர்கள் அரசின் சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கண் மங்கி, பிறகு தெளிந்து, சில மாதம் கழித்துக் கால் மரத்தால், வெறும் பலவீனம், மனக் கவலை, கண்ணேறு என்று விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. வந்தது தானாகப் போய்விடுவதுதான் இந்த நோயின் ஏமாற்று. அப்போதே நரம்பு டாக்டரிடம் போக வேண்டும்.

1898-ல் சால்பெத்ரியேர் வாசலில் ஷார்க்கோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்தபோது அதை உருக்கிவிட்டார்கள். அந்த மருத்துவமனையில் மருந்தின்றி இறந்த ஏழைப் பெண்களுக்கோ சிலை எதுவும் இல்லை. ஆனால் அவர்களைப் பார்த்து அவர் எழுதி வைத்த குறிப்புகளின் பயன், பஞ்சாகுட்டாவில் ஸ்கேன் படத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கு இன்று கிடைக்கிறது.