ரேடியத்தைப் பிரித்தவர், எக்ஸ்ரே வண்டியைப் போர்முனைக்கு ஓட்டியவர்: மேரி கியூரியின் வாழ்க்கை

நவம்பர் 7-ஆம் தேதி இந்தியா முழுவதும் தேசிய புற்றுநோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2014-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. அது மேரி கியூரியின் பிறந்தநாள். மறுநாளான நவம்பர் 8, ஜெர்மனியின் வில்ஹெல்ம் ராண்ட்ஜென் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த நாள். இன்று மருத்துவமனைகளில் எக்ஸ்ரே அறை, சிடி ஸ்கேன், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு என விரிந்திருக்கும் துறையின் நன்மை, ஆபத்து ஆகிய இரண்டும் இந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பதிந்திருக்கின்றன.

வார்சாவிலிருந்து பாரிஸுக்கு

மரியா ஸ்கொவோதோவ்ஸ்கா 1867-ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தியவர். மூத்த சகோதரி ஒருவர் டைபஸ் காய்ச்சலுக்குப் பலியானார். மரியாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது தாய் காசநோயால் இறந்தார்.

வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு அப்போது இடம் இல்லை. எனவே சகோதரிகள் இருவரும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அக்கா பிரோனியா பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பார். தங்கை பணக்கார வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்புவார். பிறகு அக்கா தங்கையைப் படிக்க வைப்பார். அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. 1891-இல் பாரிஸ் சென்ற மரியா, சோர்போன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் இயற்பியல் பட்டத்தை முதலிடத்திலும், அடுத்த ஆண்டே கணிதப் பட்டத்தை இரண்டாம் இடத்திலும் பெற்றார். 1895 ஜூலையில் இயற்பியலாளர் பியேர் கியூரியை மணந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் எக்ஸ் கதிர்கள் வெளிப்பட்டன. உலகமே அந்தப் புதுமையில் மூழ்கியிருந்தபோது, 1896-இல் ஹென்றி பெக்கரல் யுரேனியம் தானாகவே ஒரு கதிரை வெளியிடுவதைக் கண்டார். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடிய மேரி, அதிகம் பேர் கைவைக்காத அந்தத் துறையையே எடுத்துக்கொண்டார். பியேரும் அவருடைய அண்ணனும் உருவாக்கியிருந்த நுண் மின்னளவிக் கருவி அவருக்கு உதவியது. யுரேனியம் எடுக்கப்படும் பிட்ச்பிளெண்ட் என்ற கரிய தாது, யுரேனியத்தைவிட அதிகமாகக் கதிர் வீசியது. அதற்குள் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என இரு புதிய தனிமங்களைத் தம்பதியர் அறிவித்தனர். கதிரியக்கம் என்ற கருத்துக்கு அவர்கள் இட்ட பெயரே இன்றும் அறிவியலில் வழங்குகிறது.

அறிவித்தால் போதாது, பிரித்துக் காட்ட வேண்டும் என்றனர் வேதியியலாளர்கள். முன்பு மருத்துவ மாணவர்கள் சடலங்களை அறுத்துப் பயின்ற ஒரு பழைய கொட்டகையே அவர்களுக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். பொஹீமியாவின் யோக்கிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து டன் கணக்கில் தாதுக் கழிவு வந்து இறங்கியது. தன் உயரத்துக்கு ஏறக்குறைய இணையான இரும்புக் கம்பியால், கொதிக்கும் குழம்பை மேரி நாள் முழுவதும் கிளறினார். 1902-இல் கைக்குக் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. இரவு நேரங்களில் தம்பதியர் கொட்டகைக்குத் திரும்பிச் சென்று, இருளில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து மகிழ்வது வழக்கம். அந்த ஒளி தங்களை என்ன செய்கிறது என்பது அப்போது அவர்களுக்கு முழுமையாகத் தெரியாது.

புண்ணிலிருந்து பிறந்த சிகிச்சை

ஆனால் ஒன்றுமே தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப்பையில் வைத்திருந்த பெக்கரலுக்கு அந்த இடத்தில் தோல் வெந்தது. அதை அறிந்த பியேர், வேண்டுமென்றே தன் கையின் மீது கதிரியக்கப் பொருளைப் பத்து மணி நேரம் வைத்துப் பார்த்தார். தோல் சிவந்தது; பின் புண்ணாயிற்று; ஐம்பது நாள்களுக்குப் பிறகும் அது முழுதாக ஆறவில்லை. குழாய்களைக் கையாண்ட இருவரின் விரல் நுனிகளும் தடித்து, உரிந்து, வலித்தன. இவற்றை 1901-இல் பெக்கரலும் பியேரும் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டனர்.

நல்ல தோலை அழிப்பது நோயுற்ற தோலையும் அழிக்கும் அல்லவா? பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை மருத்துவர் அன்ரி டான்லோ, கியூரி தம்பதியரிடமிருந்து ரேடியத்தைக் கடனாகப் பெற்று, தோல் நோய்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். கதிரியக்கப் பொருளைக் கட்டியின் மேலோ உள்ளேயோ வைத்து அளிக்கும் இந்தச் சிகிச்சை, பிரான்ஸில் கியூரி சிகிச்சை என்றே அழைக்கப்பட்டது. இன்று பிராக்கிதெரபி என்ற பெயரில், ரேடியத்துக்குப் பதில் இரிடியம் முதலான பொருள்களைக் கொண்டு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்கு அது தொடர்கிறது.

ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குக் கியூரி தம்பதியர் காப்புரிமை பெறவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முறையைச் சொன்னார்கள். அந்த முடிவால் ரேடியத் தொழில் வேகமாக வளர்ந்தது. அதன் விலை பின்னாளில் மேரியாலேயே வாங்க முடியாத உயரத்துக்குச் சென்றது.

1903-இல் பெக்கரலுடன் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1906 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் சிக்கி பியேர் உயிரிழந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மேரி வகுப்பைத் தொடர்ந்தார். சோர்போனில் கற்பித்த முதல் பெண் அவரே. 1911-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத் தேர்தலில் மிகச் சில வாக்குகளில் தோற்றார். இயற்பியலாளர் பால் லாங்கவின் உடனான உறவைப் பற்றிப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. அதே ஆண்டில் வேதியியலுக்கான இரண்டாவது நோபல் பரிசு வந்தது. இரு வேறு அறிவியல் துறைகளில் நோபல் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

போர்முனையில் எக்ஸ்ரே வண்டி

1914-இல் பாரிஸில் ரேடியம் நிறுவனத்தின் கட்டடம் தயாரானபோது முதல் உலகப்போர் வெடித்தது. பிரான்ஸிடம் இருந்த ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து, ரயிலில் போர்தோ நகருக்குக் கொண்டுசென்று பத்திரப்படுத்திவிட்டு, மேரி உடனே பாரிஸ் திரும்பினார்.

குண்டுச் சிதறல்கள் உடலில் எங்கே இருக்கின்றன என்று தெரியாமலே அறுவை மருத்துவர்கள் வீரர்களின் சதையைக் கீறிக்கொண்டிருந்த காலம் அது. எக்ஸ்ரே கருவிகள் பெருநகர மருத்துவமனைகளில் இருந்தன. காயம்பட்டவர்களோ முனையில் கிடந்தனர். மேரி கண்ட வழி எளிமையானது. மோட்டார் வண்டியில் எக்ஸ்ரே குழாயையும் டைனமோவையும் ஏற்றி, வண்டியின் எஞ்சினாலேயே மின்சாரம் உண்டாக்குவது. வசதி படைத்த பெண்களிடம் நன்கொடையும் வண்டிகளும் கேட்டு வாங்கினார். வண்டி ஓட்டக் கற்று உரிமம் பெற்றார், உடற்கூறியல் படித்தார். சிறிய கியூரிகள் என்று வீரர்கள் செல்லமாக அழைத்த இந்த வண்டிகள் சுமார் இருபது. அவற்றுடன் மருத்துவமனைகளில் அமைத்த நிரந்தர எக்ஸ்ரே அறைகள் சுமார் 200.

வண்டி வந்து நின்றதும், ஓர் அறையின் சன்னல்களைத் திரையிட்டு இருட்டாக்குவார்கள். கம்பி இழுக்கப்படும், எஞ்சின் ஓடும். வீரரை மேசையில் கிடத்தி, வெவ்வேறு கோணங்களில் படமெடுத்து, சிதறல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது எனக் கணக்கிடுவார்கள். சில நேரங்களில் கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையைப் பார்த்தபடி மருத்துவர் சிதறலை வெளியே எடுப்பார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இந்த அமைப்பால் பரிசோதிக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

மகள் ஐரீனுக்கு அப்போது பதினேழு வயது. தாயுடன் சேர்ந்து பணியாற்றி, பதினெட்டு வயதில் பெல்ஜியத்தின் போர்முனை மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவைத் தனியாகவே நடத்தினார். சுமார் 150 பெண்களுக்கு மேரி எக்ஸ்ரே இயக்கப் பயிற்சி அளித்தார். இடையே, ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் வாயுவைச் சிறு கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சிகிச்சைக்காக மருத்துவமனைகளுக்கு அனுப்பும் பணியையும் தொடங்கினார். தாயும் மகளும் இந்த ஆண்டுகள் முழுவதும் போதிய தடுப்பின்றியே கதிருக்கு அருகில் நின்றனர்.

அளவைப் பகிர்ந்து கொடுத்தல்

போருக்குப் பின் ரேடியம் நிறுவனம் இரு கைகளால் இயங்கியது. இயற்பியல், வேதியியல் பிரிவு மேரியிடம். உயிரியல், மருத்துவப் பிரிவு கிளாடியஸ் ரெகோ என்ற மருத்துவரிடம். கதிர் சிகிச்சையின் வரலாற்றில் ரெகோ செய்த வேலைக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். விலங்குகளின் விந்தகத்தில் அவர் சோதித்தார். ஒரே தடவையில் பெரும் அளவு கதிரைச் செலுத்தினால் மேல்தோல் வெந்துபோனது. அதையே பல நாள்களுக்குப் பிரித்துச் செலுத்தியபோது, உள்ளே வேகமாகப் பிரியும் செல்கள் அழிந்தன, தோல் தாங்கிக்கொண்டது. இடைவெளியில் நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, புற்றுச் செல்கள் அந்த அளவுக்குச் சமாளிப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. அங்கேயே பணியாற்றிய அன்ரி கூட்டார் இம்முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். இன்று நம் நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சைக்குச் செல்பவர்கள் வாரக்கணக்கில் தினமும் சில நிமிடங்கள் சென்று வர நேர்வது இதனால்தான்.

ஆய்வுக்கு ரேடியம் போதவில்லை. அமெரிக்காவில் சுமார் 50 கிராம் இருக்க, அதைக் கண்டுபிடித்தவரின் கூடத்தில் ஒரு கிராம் அளவே இருந்தது. அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டி வாங்கிய ஒரு கிராமை, 1921 மே மாதம் அதிபர் ஹார்டிங் மேரியிடம் வழங்கினார். அது தனக்கல்ல, ஆய்வுக்கூடத்துக்கே சொந்தம் என்று பத்திரத்தைத் திருத்தி எழுதச் செய்த பிறகே அவர் அதை ஏற்றார். 1929-இல் கிடைத்த இரண்டாவது கிராமை வார்சாவில் அக்கா பிரோனியா முன்னின்று உருவாக்கிய ரேடியம் நிறுவனத்துக்குக் கொடுத்தார்.

எச்சரிக்கைகள்

இதற்கிடையே ரேடியம் சந்தைச் சரக்காகியிருந்தது. ரேடியம் கலந்த தண்ணீர், பற்பசை, முகப்பூச்சு என எல்லாம் விற்றன. பிரான்ஸில் தோ-ராடியா என்ற அழகுப் பொருள், இந்தக் குடும்பத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கியூரி மருத்துவரின் பெயரைப் போட்டு விற்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கைக்கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் ரேடியச் சாயம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கப் பழக்கப்படுத்தப்பட்டார்கள். உடலுக்குள் சென்ற ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் தங்கியது. தாடை அழுகியது, பலர் இறந்தனர். 1928-இல் அவர்கள் தொடுத்த வழக்கு உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில், எக்ஸ்ரே மற்றும் ரேடியப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு அமைந்தது.

மேரி தம் கூடத்தில் பணியாளர்களுக்கு இரத்தப் பரிசோதனையையும் ஈயத் தடுப்புகளையும் கட்டாயமாக்கினார். ஆனால் தம் விஷயத்தில் அந்த விதிகளை அவர் அவ்வளவாகப் பின்பற்றவில்லை. சோர்வுக்குத் தூய காற்றே மருந்து என நம்பினார். இரு கண்களிலும் புரை வளர்ந்து பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. காதில் ஓயாத இரைச்சல் கேட்டது. ரேடியம் தம்மைப் பாதித்திருக்கலாம் என்று அவர் ஐயுற்றதுண்டு. எனினும் வெளியே அதை அதிகம் பேசவில்லை.

கதிர் ஒரு செல்லின் மரபணு இழையை உடைக்கிறது. புற்றுநோயை அழிப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் அந்த ஒரே செயல்தான்; வேறுபாடு, அளவிலும் இடத்திலும் இருக்கிறது. இன்று ஒரு மார்பு எக்ஸ்ரேயில் பெறும் அளவு சுமார் 0.1 மில்லிசீவெர்ட், மார்பு சிடி ஸ்கேனில் அது பல பத்து மடங்கு. இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் வந்து சேர்கிறது. இந்தியாவில் கதிர்வீச்சுக் கருவிகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. ஊழியர்கள் அணியும் அளவுப் பட்டைகள் குறித்த கால இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. மேரியின் போர்க்கால வண்டிகளில் இவை எதுவும் இல்லை.

1934 ஜூலை 4 அன்று, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள சான்செல்மோஸ் சானடோரியத்தில் அவர் உயிர் பிரிந்தது. எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்ய மறுக்கும் ஏபிளாஸ்டிக் அனீமியா என்று காரணம் குறிப்பிடப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஐரீனும் அவர் கணவர் ஃபிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்து மேரியிடம் காட்டியிருந்தனர். இன்றைய அணு மருத்துவ ஸ்கேன்களில் ஏற்றப்படும் குறுகிய ஆயுள் ஐசோடோப்புகளுக்கு அதுவே வழி திறந்தது. ஐரீன் 1956-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

1995-இல் மேரி, பியேர் இருவரின் உடல்களும் பாரிஸின் பாந்தியன் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டன. கல்லறையைத் திறந்தபோது, பிரெஞ்சுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள் மேரியின் சவப்பெட்டியில் அளவெடுத்தனர். உள்ளிருந்த ரேடியம், உயிரைக் குடிக்கும் அளவுக்கு இல்லை. அவரைக் கொன்றது ரேடியமாக இருக்க வாய்ப்பு குறைவு, போர்க்காலத்தில் எக்ஸ்ரே குழாய்களின் அருகே நின்று பெற்ற கதிரே காரணமாக இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.