எட்வர்ட் லியர்: நோயை மறைத்துக்கொண்டு குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர்

பள்ளியில் பிள்ளைகளுக்கு லிமரிக் எழுதச் சொல்லித் தரும்போது தவறாமல் வரும் பெயர், எட்வர்ட் லியர். ஆனா, அந்த மனுஷனோட வாழ்க்கை அவ்வளவு சிரிப்பா இருக்கல.

யார் இவர்?

1812-ல் லண்டனின் ஹாலோவேயில், 21 பிள்ளைகளில் 20-வதாகப் பிறந்தார். அப்பா பங்குத் தரகர். குடும்பம் பண நெருக்கடியில் சிக்கியது. வளர்த்தது, 21 வயது மூத்த அக்கா ஆன். சின்ன வயதிலேயே வலிப்பு நோய். அந்தக் காலத்தில் அது அவமானம். அதனால் அதை மறைத்தே வாழ்ந்தார். டைரியில் மட்டும் ஒரு பெருக்கல் குறி போட்டு, எப்போது வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

கிளிகளை வரைந்து பெயர் வாங்கியபோது வயது இருபதுகூட ஆகவில்லை. 1846-ல் விக்டோரியா ராணிக்கே ஓவியம் சொல்லிக் கொடுத்தார்.

லிமரிக் எப்படி வந்தது?

1830-களில் டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் விலங்குகளை வரையும் வேலை. அங்கிருந்த குழந்தைகளுக்காகப் படமும் பாட்டுமாகக் கிறுக்கியவைதான் 1846-ல் புத்தகமாயின, அதுவும் புனைபெயரில். இந்த வடிவம் அவர் கண்டுபிடிச்சது இல்லை. உலகம் முழுக்கக் கொண்டு போனவர் அவர்.

குழந்தைகளுக்கு ஏன் சுலபம்?

ஐந்து வரி. 1, 2, 5 வரிகளின் முடிவில் ஒரே ஓசை. குட்டியான 3, 4 வரிகளில் வேறொரு ஓசை. நம்ம இலக்கணத்தில் இதற்குப் பெயர் இயைபு. லியர் பெரும்பாலும் முதல் வரியின் கடைசிச் சொல்லையே ஐந்தாவது வரியிலும் போட்டார். அதாவது, குழந்தை ஒரு சொல் குறைவாகத் தேடினால் போதும். முதல் வரியில் ஒரு ஆள், ஒரு ஊர். கூடவே ஒரு படம். அர்த்தம் இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

இந்தியாவுக்கு வந்தாரா?

வந்தார். வைஸ்ராயாக இருந்த நண்பர் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில், 1873 நவம்பரில், 61 வயதில். டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவை வரைந்தார். 1874-ல் மாமல்லபுரம், தஞ்சாவூர் வரை வந்தார்.

1888-ல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தன் பாட்டுகளை லிமரிக் என்று அவர் அழைத்ததும் இல்லை. இன்றைக்கு அவர் பிறந்த மே 12-தான் லிமரிக் தினம்.