மருந்துக்குக் காவல் போட்ட சோப்ரா

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்குகிறவர்கள், சரிகையைச் சுரண்டிப் பார்ப்பது உண்டு. உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா என்று கவனிப்பார்கள்.

குழந்தைக்கு வாங்கும் இருமல் மருந்தை அப்படிச் சோதிக்க முடியுமா? வீட்டில் முடியாது. சர்க்கார்தான் சோதிக்க வேண்டும். அதற்குச் சட்டம் வர வழி செய்தவர், ராம்நாத் சோப்ரா.

டாக்டர் ஆனார்

சோப்ரா 1882-ம் ஆண்டில் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் படித்தார். பிறகு இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் படித்து டாக்டர் ஆனார்.

1921-ல் கல்கத்தாவில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நாட்டு மூலிகைகளை ஆராய்ந்தார்.

அந்தக் காலத்தில் போலி மருந்துகள் தாராளமாக விற்றன. 1930-ல் சர்க்கார் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. சோப்ரா அதன் தலைவர். மருந்துகளுக்குச் சட்டமும் சோதனைக்கூடமும் வேண்டும் என்று அவர் 1931-ல் அறிக்கை கொடுத்தார்.

சட்டம் உடனே வரவில்லை. 1940-ல்தான் வந்தது!

இனிப்பான விஷம்

அதற்குள் 1937-ல், அமெரிக்காவில் ஒரு மருந்து 100 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அதில் இருந்த விஷம் டை எதிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்துக்கு இது நெருங்கிய சொந்தம். ருசி இனிப்பு. அதனால் குழந்தைக்குத் தெரியாது.

1972-ல் சென்னையிலும் இதே விஷத்தால் குழந்தைகள் இறந்தன. மறு ஆண்டு சோப்ரா காலமானார்.

2025-ல் நடந்தது

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிப்' இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மருந்தைத் தமிழக அதிகாரிகள் சோதித்தார்கள். 100-க்கு 48.6 பங்கு அந்த விஷம் இருந்தது! 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

சட்டம் இருந்தும், அந்த மருந்து கடைக்குப் போகுமுன் யாரும் தடுக்கவில்லை. தொழிற்சாலையின் உரிமம் பிறகு ரத்து செய்யப்பட்டது.

தாய்மார்கள் கவனிக்க

மருந்து குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, சோர்வு வருகிறதா? சிறுநீர் குறைகிறதா? மருந்தை நிறுத்துங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியுடன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சிறுநீரகம் கெட்டால், 'டயாலிசிஸ்' இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். விஷத்தை அடக்க 'போமெபிசோல்' என்ற ஊசி மருந்தும் உண்டு. சீக்கிரம் போனால்தான் பிழைக்க வழி உண்டு.