பிக் பேங் தியரிக்கு ‘ஃபாதர்’ நிஜமாகவே ஒரு ஃபாதர்தான்... யார் இந்த ஜார்ஜ் லெமைத்ர்?

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதைக் கண்டுபிடித்தது யார்? போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள்: எட்வின் ஹப்பிள், 1929. ஆனால், அதற்கு 2 வருஷம் முன்னாடியே இதே முடிவை அச்சில் போட்ட ஒருவர் இருக்கிறார். கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளை காலர். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர்.

1894 ஜூலை 17-ல் சார்லரோவா என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. அதனாலோ என்னவோ, கல்லூரியில் எடுத்தது சுரங்கப் பொறியியல். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் படிப்பை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். பீரங்கிப் படையில் வேலை பார்த்து, வீரப்பதக்கமும் வாங்கினார். போர் முடிந்து திரும்பியவர் பொறியியல் பக்கமே போகவில்லை. கணிதம், இயற்பியல் படித்து 1920-ல் டாக்டர் பட்டம், 1923-ல் குருப்பட்டம். அடுத்து கேம்பிரிட்ஜில் வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் ஒரு வருஷம், அப்புறம் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகம். எம்.ஐ.டி.யில் இரண்டாவது டாக்டர் பட்டம். 1925-ல் ஊர் திரும்பி லூவேன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

அந்த 1927 கட்டுரை

அப்போது இருந்த நிலவரத்தைப் பார்த்துவிடலாம். ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை 1917-ல் முழுப் பிரபஞ்சத்துக்கும் போட்டுப் பார்த்தார். பிரபஞ்சம் அசையாமல் நிற்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிய காலம் அது. சமன்பாடோ நிற்க மறுத்தது. அதனால் அண்டவியல் மாறிலி என்று ஒன்றைச் சேர்த்து, வலுக்கட்டாயமாக நிறுத்திவைத்தார். இன்னொரு பக்கம், அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லிஃபர் என்பவர் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றின் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தது. அதாவது, அவை நம்மைவிட்டு விலகிப்போகின்றன.

லெமைத்ர் இந்த இரண்டையும் இணைத்தார். கேலக்ஸிகள் வெளியில் ஓடவில்லை, அவற்றுக்கு இடையே இருக்கும் வெளியே விரிகிறது என்றார்.

புரியலையா? ஒரு இலாஸ்டிக் பட்டையில் 1 செ.மீ. இடைவெளியில் வரிசையாகப் புள்ளி வையுங்கள். ஒரு நொடியில் அதை இரண்டு மடங்காக இழுங்கள். முதல் புள்ளியிலிருந்து பார்த்தால், 1 செ.மீ.யில் இருந்தது 2-க்குப் போயிருக்கும். 3-ல் இருந்தது 6-க்குப் போயிருக்கும். பக்கத்துப் புள்ளி 1 செ.மீ. நகர்ந்த அதே நொடியில் தூரத்துப் புள்ளி 3 செ.மீ. நகர்ந்துவிட்டது. எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் கதை இதேதான். நடுப்புள்ளி என்று எதுவும் இல்லை.

அந்த வேகத்துக்கு லெமைத்ர் ஒரு எண்ணும் கொடுத்தார். ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளி ஆண்டு தூரத்துக்கும் விநாடிக்குச் சுமார் 625 கி.மீ. இன்றைய அளவீடுகள் 67-லிருந்து 73 வரை சொல்கின்றன. அப்போதைய தூரக் கணக்குகள் தப்பாக இருந்ததால் வந்த வித்தியாசம் இது; 2 வருஷம் கழித்து ஹப்பிளுக்குக் கிடைத்ததும் 500-தான்.

ஆனால், கட்டுரை பிரெஞ்சு மொழியில், பெல்ஜியத்துக்கு வெளியே அதிகம் பேர் பார்க்காத ஒரு இதழில் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே வருஷம் பிரஸ்ஸல்ஸ் வந்த ஐன்ஸ்டைனை நேரில் பார்த்துப் பேசினார். கணக்கு சரி, ஆனால் இயற்பியலாக இதை ஏற்கவே முடியாது என்று ஐன்ஸ்டைன் கையை விரித்துவிட்டார். ரஷ்யாவின் ஃபிரீட்மன் 1922-லேயே இதே மாதிரித் தீர்வுகளைக் கண்டிருந்தார் என்ற தகவலும் லெமைத்ருக்கு அவர் மூலம்தான் தெரிந்தது.

காணாமல் போன பத்தி

1931-ல் எடிங்டன் முயற்சியில் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. இங்கதான் ட்விஸ்ட். விரிவு வேகத்தைக் கணக்கிட்ட முக்கியமான பகுதி அதில் இல்லை! ஹப்பிளுக்குப் பெயர் கிடைக்க யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் ரொம்ப நாள் கழித்துக் கிளம்பியது. 2011-ல் வானியற்பியலாளர் மரியோ லிவியோ லண்டன் ஆவணக்காப்பகத்தில் ஒரு கடிதத்தைத் தேடி எடுத்தார். எழுதியது லெமைத்ரேதான். அதற்குள் ஹப்பிளின் நல்ல தரவுகள் வந்துவிட்டதால், பழைய கணக்கைத் திரும்ப அச்சிடத் தேவையில்லை என்று அவரே விட்டிருக்கிறார். தன் கிரெடிட்டைத் தானே டெலீட் செய்த ஆள்! 2018-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தியது. ஓட்டுப் போட்டவர்களில் 78% பேர் ஆதரிக்க, ஹப்பிள் விதி இனி ஹப்பிள்-லெமைத்ர் விதி என்று பரிந்துரைக்கப்பட்டது.

1931-லேயே அவர் அடுத்த படிக்குப் போனார். விரிகிறது என்றால், பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் அடைந்து கிடந்திருக்க வேண்டுமே? அதை ஆதி அணு என்றார். பிக் பேங் என்ற பெயர் 1949-ல்தான் வந்தது, அதுவும் இந்தக் கோட்பாட்டை ஏற்காத ஃபிரெட் ஹாய்ல் பிபிசி வானொலியில் சொன்னது. ஐன்ஸ்டைன் விரிவை ஒப்புக்கொண்டு தன் மாறிலியைத் தூக்கிப் போட்ட பிறகும், லெமைத்ர் அதை விடவில்லை. 1998-ல் விரிவின் வேகம் கூடுகிறது என்று தெரிந்ததும் அந்த மாறிலி திரும்பி வந்துவிட்டது.

பாதிரியார் என்பதால், பைபிளின் படைப்புக் கதையை அறிவியலுக்குள் நுழைக்கிறார் என்ற சந்தேகம் அவர்மேல் இருந்தது. 1951-ல் போப் 12-ம் பயஸ், இந்தக் கோட்பாடு படைப்புக்கு ஆதரவாக இருப்பது போல உரையாற்றினார். சந்தோஷப்பட வேண்டியவர் சங்கடப்பட்டார். அறிவியல் கருதுகோள் நாளைக்கே மாறலாம், அதன்மேல் நம்பிக்கையைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. போப்பின் அறிவியல் ஆலோசகரிடம் பேசினார். 1952-ல் ரோமில் வானியலாளர்கள் முன்பு பேசிய போப், அந்த ஒப்பீட்டைத் தொடவில்லை. போப்புக்கே ‘வேண்டாம்’ சொல்ல ஒரு தைரியம் வேண்டும்தானே!

ஆதி அணு வெடித்ததன் மிச்சம் காஸ்மிக் கதிர்களாக இருக்கும் என்று லெமைத்ர் பல வருஷம் நம்பினார். அது தப்பு. மிச்சம் இருந்தது, ஆனால் மைக்ரோவேவ் வடிவில். அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஆன்டெனாவில் கேட்ட இரைச்சல்தான் அது என்று 1965-ல் அறிவிக்கப்பட்டது. அப்போது லெமைத்ருக்கு உடம்பு சரியில்லை. உதவியாளர் ஓடோன் கோதார், மருத்துவமனைக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். 1966 ஜூன் 20-ல் லெமைத்ர் காலமானார்.