வானில் மிதந்த லிலியந்தால்

பறவையைப்போல வானில் உலவவேண்டும் என்னும் அவா மாந்தர்க்குத் தொன்றுதொட்டே உண்டு. அதனைக் கனவாகக் கொண்டோர் பலர். அளந்தும் ஆராய்ந்தும் நனவாக்க முனைந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் ஓட்டோ லிலியந்தால் ஆவார்.

இவர் ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள அங்கிளாம் என்னும் ஊரில் 1848ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். இவரும் இவர்தம் இளவல் குஸ்தாவும், நாரைகள் காற்றை எதிர்த்து எழுவதையும் சிறகசைக்காமலே மிதப்பதையும் நெடுநேரம் உற்று நோக்குவர். பின்னர்ப் பொறியியல் கற்றுப் பெர்லினில் நீராவிப் பொறிகள் செய்யும் தொழிற்சாலை நிறுவியபோதும், அந்நாரைகள் இவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

வெறும் வியப்பினால் பயனில்லை என்பதை லிலியந்தால் உணர்ந்தார். சுழலும் கோலொன்றில் பலவகைச் சிறகுகளைப் பொருத்தி, காற்று அவற்றை உயர்த்தும் விசையை அளந்தார். தட்டையான சிறகினும் சற்றே வளைந்த சிறகினையே காற்று மிகுதியாகத் தாங்கும் என்பது புலனாயிற்று. இவ்வாராய்ச்சியை 1889இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும், ஏட்டளவில் அவர் நின்றாரல்லர். வளையும் மரக்கழிகளின்மேல் துணி போர்த்துச் சிறகுகள் அமைத்தார். 1891இல் டெர்விட்சு என்னும் ஊரருகே மேட்டிலிருந்து பாய்ந்து ஏறத்தாழ 25 மீட்டர் சென்றார். பின்னர், ரீனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை பறந்தார். எத்திசையில் காற்று வீசினும் அதனை எதிர்கொண்டு பாய்தற்பொருட்டு, 1894இல் பெர்லினை அடுத்து 15 மீட்டர் உயரமுள்ள மண்குன்றொன்றையும் எழுப்பினார். ஏறத்தாழ 2000 முறை பறந்தும், அவர் வானில் இருந்த காலம் மொத்தம் சில மணி நேரமே. அச்சிறுபொழுதே அவருக்குப் பள்ளியாயிற்று.

பறக்கையில் சாய்வைத் திருத்த அவர் பெரிதும் நம்பியது தம் உடலின் எடையையே. கைகளை ஊன்றித் தொங்கியவாறு கால்களை வீசி நிலையைச் சரிசெய்வார். அம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் ஸ்டோல்ன் என்னும் ஊரருகே பறக்கையில், திடீரென எழுந்த காற்று கருவியின் முகப்பை உயர்த்திற்று. கருவி விசையிழந்து நின்றது. அவர் உடலை முன்னே வீசியும் பயனின்றி, ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தினின்று வீழ்ந்தார். மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார்.

அவர் உழைப்பு வீண்போகவில்லை. அவரது மறைவுச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டிற்று. அவர்கள் லிலியந்தாலின் கணக்குகளைக் கற்றனர். 1901இல் காற்றுக் குழாய் அமைத்து மீண்டும் சோதித்தனர். உடலின் எடை மட்டும் போதாது எனக் கண்டு, சிறகையே முறுக்கித் திருப்பும் வழி வகுத்தனர். 1903இல் பொறியால் இயங்கும் விமானத்தில் பறந்தனர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வதாலன்றோ அறிவு வளர்கின்றது!