டார்வின் எழுதிய கணக்கு

பரிணாமக் கொள்கை கண்ட சாள்ஸ் டார்வினை உயிரியல் ஆசிரியர்களுக்கே விட்டுவிடுவது என் போன்ற தமிழ்ப் பண்டிதர் வழக்கம். அவர்தம் மணவாழ்க்கையைப் படித்தபின் யான் அவரை அவ்வாறு விடமாட்டாதவனானேன்.

1809ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்த அவர், எட்டு வயதிலே தாயை இழந்தார். பீகிள் கப்பலிலே உலகஞ் சுற்றி 1836இல் மீண்டார். 1838இல் ஒரு தாளை இரு கூறாக்கி, மணஞ்செய்தால் வருவன ஒருபுறமும், செய்யாவிடின் வருவன மறுபுறமுமாக எழுதினார். மக்கட்பேறு, முதுமையில் துணை, வீட்டில் இசை என்பன ஒருபால். காலவிரயம், நூல் வாங்கப் பணக்குறைவு, உறவினர் வீடு செல்லுங் கட்டாயம் என்பன மற்றொருபால். நாயினும் மனைவி மேலான துணை என்றும் ஒரு குறிப்பு உண்டு! ஈற்றில் மணஞ்செய்வதே தகும் என முடிவுகட்டினார். அத்தாளில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை என்பதே எனக்கு வியப்பு.

அவ்வாண்டு நவம்பரிலே எம்மா வெட்ஜ்வுட்டிடம் தம் விருப்பத்தைச் சொன்னார். எம்மா அவர் தாய்மாமன் மகள். யாழ்ப்பாணத்து வழக்கில் மச்சாள். இளமை தொட்டுப் பழகிய முகம். அண்மையும் பழக்கமும் ஒப்புமையுமே ஈர்ப்புக்குக் காரணமென உளவியலார் கூறுவர். ஆயினும் சமயத்தில் இருவர்க்கும் ஒப்புமை இருக்கவில்லை. ஐயங்களை மறைக்கும்படி தந்தையார் கூறியிருந்தும், டார்வின் எம்மாவிடம் மறையாது சொன்னார். 1839 சனவரி 29இல் மணம் நடந்தது. மறுமையிற் பிரிய நேருமோ என்று வருந்தி எம்மா எழுதிய கடிதத்தை அவர் போற்றி வைத்திருந்தார்.

பத்துப் பிள்ளைகளுள் மூவர் சிறுபராயத்திலே இறந்தனர். 1851இல் பத்து வயது ஆனியை இழந்த துயர் அவரை விட்டு நீங்கவேயில்லை. நெருங்கிய உறவிற் செய்த மணமே பிள்ளைகளின் மெலிவுக்குக் காரணமோ என்ற அச்சம் அவர் நெஞ்சை அரித்தது. 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் உறவுமணம் பற்றிய வினாவொன்றைச் சேர்ப்பிக்க முயன்றார், பாராளுமன்றம் மறுத்தது. பின்னர் மகன் ஜோர்ஜ் அதனை ஆராய்ந்து, தீங்கு சிறிதே என 1875இல் வெளியிட்டார். தந்தையின் மனம் அதனால் ஆறியிருக்குமா?

பெண்மயிலின் தெரிவே ஆண்மயிலின் தோகையை வளர்த்தது என்று 1871இல் மனிதனின் தோற்றம் பற்றிய நூலிலே காட்டியவர் அவர். குதிரைக்கும் மாட்டுக்கும் இணைதேடுங்கால் குலமரபு ஆராயும் மனிதன், தன் மணத்தில் அவ்வாறு செய்வது அரிது என்றும் அந்நூலில் எழுதினார். அவ்விடத்தைப் படிக்குந்தோறும் எனக்கு ஆனியின் நினைவே வருகின்றது.

கணக்கெழுதும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இரவுதோறும் கணவனும் மனைவியும் பகடையுருட்டிக் காயாடுவர். 1876இல் எம்மா வென்ற ஆட்டம் 2490, தாம் வென்றது 2795 எனப் பெருமகிழ்ச்சியோடு நண்பருக்கு எழுதினார். 1882 ஏப்பிரல் 19இல், எம்மா அருகிருக்க, அவர் உயிர் பிரிந்தது.