திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 - டிசம்பர் 12, 1956) கருநாடக இசையுலகில் புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். டி. என். ராஜரத்தினம் பிள்ளை என்றும் அறியப்படுகிறார். நாதசுவரச் சக்கரவர்த்தி என்று இரசிகர்களால் அழைக்கப்பட்டார். தோடி இராக ஆலாபனைக்காகவே இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இன்று மேடைகளில் வாசிக்கப்படும் நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள நாதசுவரம் வழக்கத்துக்கு வந்ததும் இவராலேயே என்பது அந்த அளவுக்குப் பரவலாக அறியப்படாத செய்தி. குழல் மாறியபோது அதன் வாயில் பொருத்தப்படும் சீவாளியும் உடன் மாறவேண்டியிருந்தது.

இளமைக்காலம்

இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள திருமருகல் என்னும் ஊரில், குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனான திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுவர வித்துவானாக இருந்தவர். அவரே இவரைத் தம் பிள்ளையாக வளர்த்தார்.

முதலில் இவர் கற்றது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பயின்றார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதசுவரம் கற்றுக்கொண்டார். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பாடகராகத் தொடங்கிய ஒருவருக்குத் தம் குரல் இயல்பாக நிற்கும் சுருதி எதுவென்று தெரிந்திருக்கும். அன்றைய நாதசுவரமோ அச்சுருதியிலிருந்து வெகு தொலைவில் இருந்தது.

திமிரியும் பாரியும்

அக்காலத்தில் வழங்கிய நாதசுவரம் திமிரி எனப்படும் குட்டையான கருவி. அதன் சுருதி பொதுவாக நான்கு முதல் ஐந்து கட்டை வரை இருக்கும். (ஆர்மோனியத்தின் ஸ்வரக் கட்டைகளைக் கொண்டு சுருதியைக் குறிக்கும் முறை இது. எண் கூடினால் சுருதி உயரும்.) கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது, தவில்களின் முழக்கத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் கடந்து நெடுந்தூரம் கேட்பதற்கு இந்த உயர்ந்த சுருதி ஏற்றதாயிருந்தது. கூரையுள்ள அரங்கில், முன்வரிசையில் அமர்ந்து கேட்பவர்களுக்கு அது காதைத் துளைக்கும் ஒலியாகவே இருக்கும். தம்புராவோடு இழைவதும் கடினம்.

மற்றொரு குறையும் திமிரியில் இருந்தது. சுத்த மத்திமம் அதில் துல்லியமாக விழாது. வாசிப்பவர் உதட்டாலும் காற்றாலும் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். தோடி சுத்த மத்திமம் கொண்ட இராகம். மணிக்கணக்கில் தோடி வாசிக்க விரும்பும் கலைஞருக்கு இது சிறிய குறையன்று.

இராஜரத்தினம் பிள்ளை சுருதியைத் தாழ்த்த விரும்பினார். திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதசுவரம் கடையும் கைவினைஞர்கள் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவரான ரங்கநாதன் ஆசாரி, இவருடைய தேவைக்கேற்பப் பலமுறை சோதித்து உருவாக்கியதே பாரி நாதசுவரம். இதன் சுருதி இரண்டு முதல் இரண்டரைக் கட்டை. சுத்த மத்திமமும் இதில் சரியான இடத்தில் அமைந்தது.

கணக்காகப் பார்த்தால் மாற்றத்தின் அளவு விளங்கும். ஐந்து கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்குவது ஐந்து அரைச்சுர இடைவெளி. அதாவது அதிர்வெண் ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறைகிறது. அதற்கு ஒலிக்கும் காற்றுத்தம்பத்தின் நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடவேண்டும். குழலை நீட்டினால் துளைகளின் இடமும் விட்டமும் மாறும், விரல்களுக்கு இடையிலான தூரம் கூடும். ஏழு விரல் துளைகளுக்கும் கீழே உள்ள ஐந்து துணைத் துளைகளையும் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டும். துணைத் துளைகளை மெழுகால் அடைத்தோ திறந்தோ ஒலியைச் சீர்செய்வது வழக்கம்.

சீவாளியின் பங்கு

குழல் மட்டும் நீண்டால் போதாது. நாதசுவரத்தில் உலவு எனப்படும் மரக்குழலின் மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய் செருகப்படும். அதன்மேல் சீவாளி பொருத்தப்படும். காவிரிப் படுகையில் விளையும் கொறுக்கை என்னும் நாணல்வகைத் தட்டையை உலர்த்தி, நெல்லோடு வேகவைத்துப் பக்குவப்படுத்தி, இரண்டு இதழ்களாக அமையுமாறு தட்டி, அடியில் நூலால் கட்டிச் சீவாளி செய்கின்றனர். திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆக, கருவி செய்யும் ஊரும் சீவாளி செய்யும் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. இராஜரத்தினம் பிள்ளையின் முயற்சிக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறு இருந்திருக்க முடியாது.

கிளாரினெட்டோடு ஒப்பிட்டால் இதனை எளிதில் புரிந்துகொள்ளலாம். கிளாரினெட்டில் ஒரே ஒரு நாணல் தகடு ஊதுவாயின்மேல் கட்டப்படுகிறது. தகட்டின் நுனிக்கும் ஊதுவாயின் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி அகலமாயிருந்தால் மென்மையான தகடு வேண்டும், குறுகலாயிருந்தால் சற்றுக் கடினமான தகடு வேண்டும். தகடுகளின் கடினத்தன்மை இரண்டு, இரண்டரை, மூன்று என எண்ணிடப்பட்டுக் கடைகளில் கிடைக்கும். நாதசுவரக்காரருக்கு இந்த எண் வசதி இல்லை. சீவாளி இரட்டை இதழ் கொண்டது, இரு இதழ்களும் ஒன்றையொன்று நோக்கி அதிர்பவை. இடைவெளியைத் தீர்மானிக்கும் தனி ஊதுவாயும் கிடையாது. இதழின் அகலம், நீளம், தடிப்பு, கெண்டையின் உள்விட்டம், அது உலவுக்குள் இறங்கும் ஆழம் ஆகிய அனைத்தையும் காதைக் கொண்டே பொருத்திப் பார்க்கவேண்டும்.

இதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. நாதசுவரத்தின் உட்துளை கூம்பு வடிவானது, ஆனால் கூம்பின் முனை வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டப்பட்ட அந்த முனையின் கொள்ளளவைச் சீவாளியும் கெண்டையும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். ஈடு சரியில்லையெனில் கீழ்த்தாயி ஒன்றாகவும் மேல்தாயி வேறாகவும் ஒலிக்கும். எனவே திமிரியின் சிறிய சீவாளியைப் பாரியில் மாட்டினால் ஒலி வரும், சுருதி நிற்காது. பாரிக்குப் பெரிய சீவாளியே வேண்டும். அதிலும் இதழ் மிகக் கடினமாயிருந்தால் மந்தர சுரங்கள் பேசா, மிக மென்மையாயிருந்தால் மேல்சுரங்கள் தொய்ந்துவிடும். நாதசுவரத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சீர்செய்யும் ஊசியும் கோத்துத் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றை அலங்காரம் என்று எண்ணுவோர் உண்டு.

தாழ்ந்த சுருதியில் நீண்ட கார்வைகளையும் நுண்ணிய கமகங்களையும் வாசிக்க இராஜரத்தினம் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இக்கமகங்களில் பெரும்பகுதி விரலால் மட்டும் வருவதன்று, சீவாளியின்மீது உதடும் நாவும் காற்றும் செலுத்தும் அழுத்தத்தால் வருவது.

மேடையும் மதிப்பும்

நாதசுவரம் மங்கல இசை என்று போற்றப்பட்டாலும், அதை வாசிப்பவர்கள் நின்றபடியோ நடந்தபடியோ, மேலாடையின்றி வாசிக்கும் நிலையே பல இடங்களில் இருந்தது. பாடகர்களுக்குக் கிடைத்த மேடையும் இருக்கையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இராஜரத்தினம் பிள்ளை குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார், நீண்ட கோட்டு அணிந்தார், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று வலியுறுத்தினார். ஒத்து என்னும் சுருதிக் கருவிக்கு மாற்றாகத் தம்புராவைப் பயன்படுத்தினார். இரண்டு கட்டைக் கருவியில்லாமல் இக்கடைசி மாற்றம் எளிதாக இருந்திருக்காது.

இவருடைய பிடிவாதமும் முன்கோபமும் பணத்தைத் தாராளமாகச் செலவழித்த விதமும் குறித்துப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றில் எவை உண்மை, எவை இரசிகர்கள் சேர்த்தவை என்று பிரிப்பது கடினம்.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894 - 1949) இவருக்குத் தவில் வாசித்தவர்களுள் முதன்மையானவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) திரைப்படத்தில் இராஜரத்தினம் பிள்ளை புலவர் காளமேகமாக நடித்தார். 1947 ஆகஸ்டு 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லிக்குச் சென்று நேருவிடம் செங்கோல் வழங்கிய குழுவினருடன் இவரும் சென்று நாதசுவரம் வாசித்தார்.

இவருடைய தோடி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடங்களே ஓடும். கோயில் விழாக்களில் இரவு முழுவதும் வாசித்தவரின் கற்பனையில் மிகச் சிறிய துளியே அதில் பதிவாகியுள்ளது.

செல்வாக்கு

காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) இவருடைய புகழ்பெற்ற மாணவர். கொஞ்சும் சலங்கை (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிக்கும் நாதசுவரம் காருகுறிச்சியாருடையது. ஷேக் சின்ன மௌலானா (1924 - 1999) இராஜரத்தினம் பிள்ளையைத் தம் மானசீக குருவாகக் கொண்டவர். பாடகர் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் இராக ஆலாபனையிலும் இவருடைய நாதசுவரத்தின் தாக்கம் உண்டு.

சின்ன மேளக் குழுக்களின் வழியாகக் கருநாடக இசைக்குள் வந்த கிளாரினெட்டைத் தனிக் கச்சேரிக் கருவியாக வளர்த்த ஏ. கே. சி. நடராஜனுக்குக் கிளாரினெட் எவரெஸ்ட் என்ற பட்டத்தைச் சூட்டியவரும் இராஜரத்தினம் பிள்ளையே. நடராஜன் நாதசுவரமும் பயின்றவர்.

மறைவு

இராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். பாரி நாதசுவரம் கச்சேரிகளில் பொதுவழக்காகிவிட்டது. நரசிங்கம்பேட்டையில் கருவி செய்யும் தொழில் தொடர்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தையே அங்குள்ளவர்கள் விரும்பிப் பயன்படுத்துகின்றனர். நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.